சர்ப்பகந்தா பொடிக்கு மாறலாமா? (பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு)

4 மார்ச், காலை 7:10

நேற்று ஒருவர் கேட்டது: "வயது 46. ஒரு வருடமாக பிரஷர் மாத்திரை. நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேர்ப்பொடி வாங்கி வைத்திருக்கிறேன். மாத்திரை கெமிக்கல், இது மூலிகை, பக்கவிளைவு கிடையாது. மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறலாம்தானே?"

மாறாதீர்கள். அந்தப் பொடி வேலை செய்யாது என்பதால் சொல்லவில்லை. நன்றாகவே வேலை செய்யும். நானே ஒன்பது நாள் சாப்பிட்டுப் பார்த்தவன். என் அப்பா அதன் சாரத்தை மாத்திரையாகப் பதினோரு வருடம் சாப்பிட்டார். இரண்டு கதையும் பிறகு எழுதுகிறேன், கடை திறக்க நேரமாகிவிட்டது.

4 மார்ச், இரவு 10:40

இப்போது கொஞ்சம் நிதானமாக.

சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்த மருந்தின் பெயர் ரெசர்பின். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா மருந்துக் கம்பெனி ஆட்கள் 1952ல் பிரித்தெடுத்தார்கள். 1950களிலும் 60களிலும் உலகம் முழுக்க பிரஷருக்கு எழுதிக் கொடுத்த மருந்து அது. நீங்கள் "கெமிக்கல் வேண்டாம், மூலிகை போதும்" என்று வாங்கி வைத்திருப்பது, ஒரு காலத்தில் எல்லா மருந்துக் கடையிலும் விற்ற அதே கெமிக்கலைத்தான். அளவு எழுதாமல், பொட்டலத்தில்.

வேரில் ரெசர்பின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று வையுங்கள். ஒரு டீஸ்பூன் பொடி 5 கிராம். அப்படியானால் 5 மில்லிகிராம் ரெசர்பின். டாக்டர்கள் கொடுத்த மாத்திரை 0.1 முதல் 0.25 மில்லிகிராம். ஒரு ஸ்பூனில் இருபது மாத்திரை!

5 மார்ச், காலை 6:55

தப்பு. தராசில் வைத்துப் பார்த்தேன் (மருந்துக் கடை வைத்திருந்து இதைக்கூடச் செய்யாமல் எழுதினேன், சொல்லிக்கொள்ள வெட்கம்). வேர்ப்பொடி லேசானது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் இரண்டரை கிராம்தான் வருகிறது. ஆக, இருபது இல்லை, பத்து மாத்திரை.

அதுவும் எல்லா வேரிலும் ஒரே அளவு இருக்காது. சத்து பெரும்பாலும் வேரின் பட்டையில். பட்டை உரிந்த கட்டையை அரைத்தால் ஒரு கணக்கு, முழு வேரை அரைத்தால் வேறு கணக்கு. போன மாதப் பொட்டலத்துக்கும் இந்த மாதப் பொட்டலத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். மாத்திரையில் அந்தத் தலைவலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

5 மார்ச், மதியம் 2:15

"நம் முன்னோர் ஆயிரம் ஆண்டாகப் பிரஷருக்குக் கொடுத்த மருந்தை வெள்ளைக்காரன் திருடிவிட்டான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

முன்னோர் கொடுத்தது பாம்புக்கடிக்கு, தூக்கமின்மைக்கு, சித்தம் கலங்கியவர்களுக்கு. பீகார் பக்கம் இந்த வேருக்குப் பெயரே "பாகல் கி தவா", அதாவது பைத்தியத்துக்கான மருந்து. பிரஷருக்கு எப்படிக் கொடுத்திருப்பார்கள்? கையில் கட்டி அளக்கும் பட்டை 1896ல்தான் இத்தாலியில் வந்தது. ஸ்டெத்தாஸ்கோப் வைத்து மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கேட்கும் முறை 1905ல் ரஷ்ய மருத்துவர் கோரட்கோவ் சொன்னது. அதற்கு முன் நம் வைத்தியர்களிடம் பிரஷரை அளக்க வழியே இல்லை. மண்டையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தால் வாதம் என்பார்கள்.

வேரையும் பிரஷர் அளக்கும் கருவியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் கல்கத்தாக்காரர்கள். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931ல் ஒரு கட்டுரை எழுதினார்கள்: இந்த வேர் மூர்க்கத்தைத் தணிக்கிறது, கூடவே ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று. அதே 1931ல் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளை, அதாவது செடியில் உள்ள மருந்துச் சத்துகளை, பிரித்தார். ஒன்றுக்குத் தன் ஆதரவாளர் ஹக்கீம் அஜ்மல் கான் பெயரால் அஜ்மலின் என்று பெயர் வைத்தார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. புருகாடா என்கிற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, ஊசியில் அஜ்மலின் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

பிறகு பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து, அளந்து, 1949ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். 1957ல் அவருக்கு அமெரிக்காவின் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. ஆகத் திருட்டு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய பணம் பார்த்தது யார் என்று கேட்டால், சரி, அங்கே உங்கள் கட்சிதான் நானும்.

5 மார்ச், மதியம் 2:31

இன்னொரு வேடிக்கை. செடியின் தாவரவியல் பெயர் ராவுல்ஃபியா. ராவுல்ஃப் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர். இந்தியாவுக்கு வந்ததுமில்லை, இந்தச் செடியைப் பார்த்ததுமில்லை. அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மரியாதைக்காக வைத்த பெயர்.

6 மார்ச், இரவு 11:20

அப்பா கதை.

கோவில்பட்டியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. அப்பா குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கடன் பாக்கிக்காரர்கள் எதிர்ச் சந்து வழியாகத்தான் போவார்கள். 1986ல் ஒரு நாள் மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தது. அளந்தால் 210/120. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். ரெசர்பின், டைஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதையசைடு, மூன்றும் சேர்ந்தது. மலிவு. இரண்டு மாதத்தில் 150/95.

அதோடு ஆளும் மாறினார். கத்துவது நின்றது. கல்லாவில் உட்கார்ந்து சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டால் கொடுத்துவிடுவார். மூக்கடைப்பு எப்போதும் உண்டு, தோளில் துண்டு மாதிரிக் கைக்குட்டை. அம்மா "மருந்து மனுசனைக் குளிர வச்சிருச்சு" என்பாள். அந்த வருடக் கடைசியில் கடையை விற்றுவிட்டார்.

மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த பிறகுதான் பாடப் புத்தகத்தில் பார்த்தேன்: ரெசர்பின், பக்கவிளைவு, மனச்சோர்வு. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது.

7 மார்ச், காலை 7:30

எப்படி அப்படி ஆகிறது என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கடைக்காரன் மகன் பாணியில் சொல்கிறேன்.

நரம்பு நுனியில் சின்னச் சின்னக் கிட்டங்கிகள் இருக்கின்றன. உள்ளே நார்அட்ரினலின் என்கிற சரக்கு. நரம்பு உத்தரவு கொடுத்ததும் சரக்கு வெளியே போய் ரத்தக் குழாயை இறுக்கும், இதயத்தை விரட்டும், பிரஷர் ஏறும். ரெசர்பின் செய்வது, கிட்டங்கிக்குள் சரக்கு ஏற்றும் வாசலை அடைப்பது. வெளியே கிடக்கும் சரக்கு வீணாகச் சிதைந்துவிடும். சில நாளில் கிட்டங்கி காலி. குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும்.

மூக்குக்குள்ளே இருக்கும் குழாய்களும் அதே மாதிரித் தளர்ந்து வீங்கும், அதனால் மூக்கடைப்பு. மூளையிலும் இதே வாசல் வழியாகத்தான் மனநிலைக்கும் அசைவுக்கும் வேண்டிய டோபமினும் செரட்டோனினும் ஏறுகின்றன. அங்கேயும் காலி. ரெசர்பின் போட்ட பூட்டு லேசில் திறக்காது, புதுக் கிட்டங்கி கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் மருந்தை நிறுத்தினாலும் விளைவு நாள்கணக்கில், வாரக்கணக்கில் இழுக்கும்.

இதை வைத்துத்தான் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசையாமல் உட்கார்ந்துவிட்ட முயல்களுக்கு 1957ல், உடம்புக்குள் போய் டோபமினாக மாறும் டோபாவை ஏற்றினார். எழுந்து நடந்தன. பார்க்கின்சன் நோய் மருந்துக்கு வழி அங்கே பிறந்தது. 2000ல் நோபல். நம் ஊர் வேருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் கடையில் வருகிறவர்களிடம் பெருமையடிப்பது வழக்கம்.

9 மார்ச், மாலை 5:05

என் ஒன்பது நாள்.

மூன்று வருடம் முன்னால். எனக்கு 152/96. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியது, செருப்பு வார் ஏறவில்லை. டாக்டரிடம் போவதை விட்டுவிட்டு, "எனக்குத் தெரியாததா" என்று சர்ப்பகந்தா பொடி வாங்கினேன். அப்பா கதை தெரிந்தும். இரவு அரை டீஸ்பூன், வெந்நீரில். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு.

முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் 130/82. ஆகா என்றிருந்தது. எட்டாம் நாள் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்தது, வாயால் மூச்சு. ஒன்பதாம் நாள் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஒரு அம்மா தட்டி எழுப்பி "குரோசின் குடுங்க தம்பி" என்றாள். நாடி பார்த்தால் 52.

அன்றைக்கு நிறுத்தினேன். மூக்கு திறக்க மேலும் பத்து நாள் ஆனது. டாக்டர் திட்டிவிட்டு டெல்மிசார்ட்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். கால் வீக்கமும் போனது. அதாவது எனக்குத் தேவைப்பட்டது மாத்திரையிலிருந்து விடுதலை இல்லை, வேறு மாத்திரை. அதைக் கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

9 மார்ச், மாலை 5:12

கணக்கு போட்டவர்களுக்கு: ஆமாம், அரை டீஸ்பூன் என்றால் கால் மில்லிகிராம் மாத்திரை ஐந்து. நானே எழுதிவிட்டு நானே மாட்டிக்கொண்டேன்.

12 மார்ச், இரவு 9:50

"அப்படியானால் ரெசர்பின் விஷம்" என்று ஒருவர் முடித்துவிட்டார். இல்லை ஐயா.

பிரஷரை இறக்கினால் உயிர் பிழைக்கும் என்று முதன்முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய ஆய்வில் இருந்த மருந்தே இதுதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள், எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமை, வெளியானது 1967. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மீதிப் பேருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு, ரெசர்பின், ஹைட்ராலசின். வெற்று மாத்திரைக்காரர்கள் 70 பேரில் 27 பேருக்குப் பெரிய ஆபத்து வந்தது. மருந்து சாப்பிட்ட 73 பேரில் இரண்டே பேருக்கு. அதற்கு முன்பு, வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், கிளறாதே என்று சொன்ன பெரிய டாக்டர்கள் இருந்தார்கள்.

கவனித்தீர்களா, அந்த மூன்றும் கிட்டத்தட்ட அப்பா சாப்பிட்ட மூன்றும் ஒன்று. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

13 மார்ச், காலை 6:20

தூக்கம் வரவில்லை, அதனால் ஒரு மறுயோசனை.

அப்பா சோர்ந்து போனதை மாத்திரை மேல் போட்டேன். முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் 1950களில் மனச்சோர்வு என்று பதிவானதில் பெரும்பகுதி அரை மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களிடம். பின்னால் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி புரட்டியவர்கள், களைப்பையும் மந்தத்தையும் எல்லாம் மனச்சோர்வு என்று எழுதிவிட்டார்கள், ரெசர்பின்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். அப்பா மாத்திரையில் இருந்தது 0.1. ஒரு நாளைக்கு இரண்டு.

அதே 1986ல் இன்னொன்றும் நடந்தது. கூட்டாளி ஒருவரை நம்பி வாங்கிய தீப்பெட்டிச் சரக்கு முழுக்க நனைந்து நட்டம். அதற்கு வாங்கிய கடனுக்காகத்தான் கடை போனது. குரல் அடங்கியது மாத்திரையாலா, கடனாலா? அம்மாவிடம் கேட்டிருக்கலாம். இப்போது கேட்க ஆளில்லை.

6 மார்ச் குறிப்பை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

15 மார்ச், மதியம் 1:00

வேறு மூலிகை கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில்.

செம்பருத்திப் பூ டீ: பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010ல் வெளியிட்ட ஆய்வு. 65 பேர், ஒரு நாளைக்கு மூன்று கப், ஆறு வாரம். மேல் அளவு சராசரி 7.2 புள்ளி இறங்கியது, வெற்று பானம் குடித்தவர்களுக்கு 1.3. லேசாக ஏறியவர்களுக்கு நல்ல விஷயம். வாசலில்தான் பூத்துக் கிடக்கிறதே.

பூண்டு: பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 8 புள்ளி வரை இறக்குவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவை பெரும்பாலும் பொடி மாத்திரை. நம் வீட்டுப் பூண்டுப் பால் வேறு சங்கதி. பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி, பலன் தரும் அல்லிசின் என்ற பொருளை உண்டாக்குகிறது. முழுப் பல்லைக் கொதிக்கும் பாலில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அளவு மீற வேண்டாம்.

முருங்கைக் கீரை: நம்மவர்கள் அடித்துச் சொல்வது. இலையில் அழுத்தத்தை இறக்கும் சேர்மங்களைக் கராச்சியில் பிரித்திருக்கிறார்கள், நியாசினின் போன்றவை. அதே சலீமுஸ்ஸமான் சித்திக்கி பாகிஸ்தான் போய்த் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான்! ஆனால் கொடுத்தது எலிக்கு, ரத்தக் குழாயில் ஊசியாக. பொரியல் சாப்பிட்டால் அதே பலன் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கீரை நல்லது, சாப்பிடுங்கள்.

15 மார்ச், இரவு 8:45

செம்பருத்தியில் சறுக்கிவிட்டேன். மதுரையிலிருந்து ஒரு அக்கா சரியாகப் பிடித்தார். அந்த ஆய்வில் கொடுத்தது நம் வாசல் செம்பருத்தி இல்லை. அதே குடும்பத்துச் சிவப்புப் புளிச்சை. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றாகச் சிவந்து நிற்குமே, அந்தப் புல்லி இதழ். எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று காலங்காலமாகக் குடிப்பது. வாசல் செம்பருத்தியில் ஆறு இதழ் பறித்துக் கொதிக்க வைத்துவிட்டு பிரஷர் இறங்கவில்லையே என்று என்னைத் திட்டாதீர்கள். தலைக்கு அரைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

18 மார்ச், காலை 7:15

முக்கியமானதை விட்டுவிட்டேன். பிரஷரை ஏற்றும் மூலிகையும் உண்டு: அதிமதுரம்.

கடைக்கு மாதா மாதம் வரும் ஒரு பாட்டு வாத்தியார். மூன்று மாத்திரை சாப்பிட்டும் 160க்குக் கீழே வரவில்லை. காலில் பிடிப்பு, சோர்வு. தொண்டைக்காக நாள் முழுக்க அதிமதுரக் குச்சியைச் சப்புகிறார் என்பது தற்செயலாகத் தெரிந்தது, வாயில் வைத்தபடியே மாத்திரை கேட்டார். அதிலுள்ள கிளிசரைசின் சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் நொதியைத் தடுக்கிறது. கார்ட்டிசால் உப்பைப் பிடித்துவைக்க ஆரம்பிக்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் ஏறும். டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். குச்சியை விட்டு ஒரு மாதத்தில் 140. இருமலுக்கு இரண்டு நாள் கஷாயத்தில் போடுவதைச் சொல்லவில்லை, தினமும் வாரக்கணக்கில் என்றால்தான்.

இதற்கும் "மூலிகைதானே" என்றுதான் அவரும் சொன்னார்.

22 மார்ச், இரவு 10:05

யானை விஷயம் கேட்டவருக்கு: ஹிமாலயா கம்பெனி தன் வரலாறாகச் சொல்லும் கதை அது. நிறுவனர் பர்மாவில், அமைதியில்லாமல் தவித்த யானைகளுக்கு இந்த வேரைக் கொடுத்துச் சாந்தப்படுத்துவதைப் பார்த்தாராம். 1934ல் செர்பினா மாத்திரை வந்தது. யானைக்கே அந்த வேலை செய்தால் எங்கள் அப்பா எந்த மூலை.

காட்டுச் செடியை நாமே பிடுங்கிக் கொள்ளலாமா என்றால், வேண்டாம். வேரைத் தோண்டினால் செடி போச்சு. இப்படித் தோண்டியே காடுகளில் அருகிவிட்டது. 1990லிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கலப்படமும் வந்தது. வேலியோரம் நான்கு இலை வட்டமாக விட்டு நிற்கும் ஒன்று, அமெரிக்காவிலிருந்து வந்த, சர்ப்பகந்தாவுக்குத் தங்கச்சி முறையான செடி, அதன் வேரையும் இதே பெயரில் விற்கிறார்கள். உங்கள் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

30 மார்ச், காலை 8:00

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். மாத்திரையை விடவில்லை. ஆனால் மாத்திரையோடு பொடியையும் கால் ஸ்பூன் சேர்த்துக்கொள்கிறாராம், "இரண்டும் இருந்தால் நல்லதுதானே" என்று. காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதாம்.

இன்றைக்கே பொடியை நிறுத்துங்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கினவன்தான். வண்டி ஓட்டாதீர்கள். விளைவு போகச் சில வாரமாகும், அதுவரை படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள்.

2 ஏப்ரல், இரவு 9:30

பரணில் அப்பாவின் பெட்டி. டைரியில் பின்பக்கம் பென்சிலால் தேதி, அளவு, தேதி, அளவு. 210/120ல் ஆரம்பித்து 1997 வரை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் எண் இல்லாமல் எழுத்து: "மூக்கு அடைப்பு. பரவாயில்லை."

அதே பெட்டிக்குப் பின்னால் என் சர்ப்பகந்தா டப்பாவும் இருந்தது, மூன்று வருடமாக. ஒரு எறும்புகூட அண்டவில்லை.

இன்று காலை எனக்கு 134/84.